பெல்ட் மெட்டல் டிடெக்டர் தகராறு செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் முறை

மிளகாய்த்தூளோ, பிஸ்கட்டோ, தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏறும் உறைந்த இறாலோ, பேக்கிங் முடிந்ததும் ஒரு மெட்டல் டிடெக்டருக்குள் நுழைந்துதான் வெளியே வருகிறது. அந்த மெஷின் காரணமில்லாமல் கத்தத் தொடங்கினால் லைன் நின்றுவிடும். லைன் நின்றால் ஆளாளுக்கு ஓடி வருவார்கள். அப்போது பெரும்பாலும் கை போகும் இடம் சென்சிட்டிவிட்டி, அதாவது மெஷினின் உணர்திறன் அளவு. கொஞ்சம் குறைத்தால் சத்தம் அடங்கும், லைன் ஓடும், எல்லாருக்கும் நிம்மதி.

அதை மட்டும் செய்யாதீர்கள். கத்துவதை நிறுத்தியிருப்பீர்கள், காரணம் அப்படியே இருக்கும். அதோடு, நேற்று வரை பிடித்த 2.5 மிமீ எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) துண்டை இன்று மெஷின் பார்க்காது. அந்தத் துண்டு போய்ச் சேரும் இடம் ஒரு குழந்தையின் தட்டாக இருக்கலாம். சென்சிட்டிவிட்டியை மாற்றுவதென்றால் காரணம் தெரிந்த பிறகு, க்யூசி (தரக்கட்டுப்பாட்டு) ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டெஸ்ட் பீஸ் (உள்ளே சிறு உலோகக் குண்டு வைத்த பிளாஸ்டிக் சோதனைத் துண்டு) ஓட்டிப் பார்த்து, எழுதி வைத்து மாற்ற வேண்டும்.

கோளாறு பெரும்பாலும் ஹெட்டுக்கு, அதாவது பெல்ட்டும் பொருளும் நுழைந்து போகும் துவாரமுள்ள உணரும் பெட்டிக்கு, வெளியேதான் இருக்கும். பெல்ட், போல்ட், எர்த், மோட்டார் கேபிள், பக்கத்தில் யாரோ கொண்டுவந்து வைத்த இரும்பு ஸ்டூல் என்று ஏதாவது ஒன்று. அதனால் பேனலைத் திறப்பதற்கு முன் சுற்றிப் பார்க்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கீழே வருவதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது. ஹெட்டுக்குள் மூன்று காயில்கள். நடுவில் இருப்பது பல ஆயிரம் முதல் பல லட்சம் ஹெர்ட்ஸ் வரையிலான அலையை அனுப்பும். இருபுறமும் சம தூரத்தில் இருக்கும் இரண்டும் அதை வாங்கும். அந்த இரண்டையும் எதிரெதிராக இணைத்திருப்பதால், ஒன்றில் வருவதை மற்றொன்று கழித்துவிடும், மிச்சம் பூஜ்யம். தராசின் இரு தட்டும் சமமாக நிற்கிற நிலை இது. உலோகம் உள்ளே வந்தால் முதலில் ஒரு பக்கம் கலையும், பிறகு மறுபக்கம். அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பல மடங்கு பெருக்கித்தான் மெஷின் முடிவெடுக்கிறது. ஆகவே, அந்தச் சமநிலையை எது கலைத்தாலும் மெஷினுக்கு அது உலோகம்தான்: ஆடும் போல்ட், அதிரும் தரை, ஈரமான உப்பு மீன், எல்லாமே.

இந்தத் தத்துவத்தின் பழைய கதை ஒன்று உண்டு. 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று தேட, அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே சமநிலை முறையில் ஒரு கருவி செய்து வெள்ளை மாளிகைக்கே கொண்டுபோனார். வெளியே நன்றாக வேலை செய்த கருவி, படுக்கையருகே குழப்பமான ஒலியைத்தான் கொடுத்தது. மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. போதாததற்கு, மருத்துவர் வலது பக்கத்தை மட்டுமே தேடவிட்டார், குண்டு இருந்ததோ இடது பக்கம். கருவி சரியாக இருந்தும் சுற்றுப்புறம் அதைத் தோற்கடித்தது. இன்றைக்கும் மெட்டல் டிடெக்டர் கோளாறுகளில் பெரும்பகுதி இதே வகைதான்.

தேடத் தொடங்கும் முன்

மூன்று டெஸ்ட் பீஸையும் ஓட்டுங்கள்: ஃபெரஸ் (இரும்பு), நான்-ஃபெரஸ் (செம்பு போன்ற இரும்பல்லாதது), எஸ்எஸ். மூன்றையும் பிடித்து, மூன்றையும் தள்ளினால் பிரச்சினை தொல்லை மட்டும்தான். ஒன்றையாவது விட்டுவிட்டால் கதை வேறு. கடைசியாக டெஸ்ட் பாஸ் ஆன நேரத்திலிருந்து இந்த நிமிடம் வரை ஓடிய சரக்கு முழுவதையும் தனியாக நிறுத்தி வையுங்கள். சரியான டிடெக்டரில் மறுபடி ஓட்டாமல் அது லாரி ஏறக்கூடாது. இதில் பேரம் கிடையாது.

அப்புறம் லைனில் நிற்பவர்களிடம் பேசுங்கள். “எப்பலேர்ந்துக்கா இப்படி?” என்று கேட்டால் போதும், மேனுவலில் இல்லாத தகவல் வரும். “காலையில கழுவிட்டுப் போட்டதிலேர்ந்துதான் தம்பி”, “பக்கத்து லைன் ஓடினா மட்டும்தான்”, “புது பெல்ட் போட்டாங்கல்ல, அன்னிலேர்ந்து.” பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பிறகு மூன்று நிலையில் பாருங்கள். பெல்ட்டை நிறுத்தி, ஹெட் மட்டும் உயிரோடு இருக்கும்போது கத்துகிறதா? வெறும் பெல்ட் ஓடும்போது கத்துகிறதா? பொருள் போனால் மட்டும் கத்துகிறதா? திரையில் சிக்னல் பட்டை ஒன்று இருக்கும், அதை ஒவ்வொரு நிலையிலும் இரண்டு மூன்று நிமிடம் பொறுமையாகக் கவனியுங்கள். அலாரம் அடிக்கிறதா என்பது மட்டுமல்ல, பட்டை எவ்வளவு உயரம் எழுந்து எழுந்து விழுகிறது என்பதும் முக்கியம். எந்த நிலையில் ஆட்டம் தொடங்குகிறதோ, அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

பெல்ட் நிற்கும்போதே கத்துகிறது

பெல்ட்டும் பொருளும் குற்றவாளிகள் அல்ல என்று தெரிந்துவிட்டது. மிச்சம் இருப்பவை மின்சாரக் குறுக்கீடு, அதிர்வு, ஈரம், பக்கத்து உலோகம்.

மின்சாரத்தை முதலில் பாருங்கள். சந்தேகம் முதலில் விஎஃப்டி மேல் விழட்டும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் இந்த டிரைவ்கள் கேபிள் வழியாகவும் காற்று வழியாகவும் இரைச்சலைக் கொட்டும். அக்கம்பக்கத்து மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, சிக்னல் பட்டையைப் பாருங்கள். ஒன்றை நிறுத்தியதும் பட்டை படுத்துவிட்டால் ஆளைப் பிடித்தாயிற்று. டிடெக்டருக்கு விளக்கு லைனிலிருந்தோ மோட்டார் லைனிலிருந்தோ பவர் எடுத்திருந்தால் மாற்றி, அதற்கென்று தனி லைன் கொடுங்கள். விஎஃப்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிள் ஷீல்டு கேபிளாக இருக்க வேண்டும், ஷீல்டு ஒழுங்காக எர்த் ஆகியிருக்க வேண்டும். டிடெக்டர் கேபிளையும் மோட்டார் கேபிளையும் ஒரே டிரேயில் ஒட்டிப் படுக்க வைத்திருந்தால் பிரியுங்கள். எர்த் கம்பி வெறுமனே மாட்டியிருந்தால் போதாது. கழுவிக் கழுவி, கம்பி முனையில் இருக்கும் வளையத்துக்கு (லக்) அடியில் பச்சை பூத்திருக்கும். கழற்றித் தேய்த்து மறுபடி இறுக்குங்கள்.

இரண்டு டிடெக்டர்கள் அருகருகே இருந்தால் ஒன்றின் அலை மற்றொன்றில் விழும். இடைவெளி கூட்டுங்கள், அல்லது இரண்டுக்கும் வேறு வேறு அலைவரிசை அமையுங்கள். வாக்கி-டாக்கியும் வெல்டிங் மெஷினும் நேரம் பார்த்துத் தொல்லை கொடுப்பவை. சரியாக மெயின்டனன்ஸ் ஆள் பக்கத்தில் வந்து பேசும்போதெல்லாம் ரிஜெக்ட் (உலோகம் என்று ஒதுக்குவது) அடிக்கிறதென்றால் இடுப்பில் என்ன தொங்குகிறது என்று பாருங்கள்.

அதிர்வுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஹெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தி விடுங்கள், விரல் முட்டியால் பக்கவாட்டில் லேசாகத் தட்டுங்கள். ஆரோக்கியமான ஹெட்டில் பட்டை கொஞ்சம் அசைந்து அடங்கும். முழு உயரத்துக்குத் துள்ளினால், ஹெட்டைத் தாங்கும் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது ரப்பர் அடிப்பாகம் செத்துவிட்டது. ஹெட் சட்டத்தை எங்கேயாவது நேராகத் தொடுகிறதா என்று ஒரு காகிதத்தை இடுக்கில் விட்டுப் பாருங்கள். தொடக்கூடாது, நடுவில் தனிப்படுத்தும் புஷ் (மின்சாரம் கடத்தாத சிறு உறை) இருக்க வேண்டும். நான்கு கால்களும் தரையில் சமமாக ஊன்றியிருக்க வேண்டும். அதிரும் சல்லடைக்கோ பவுச் மெஷினுக்கோ ஒரே சட்டத்தில் டிடெக்டரையும் சேர்த்து வெல்டு வைத்திருந்தால், அதை வெட்டிப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஈரம். சுடுநீரில் கழுவிய உடனே ஓட்டினால் சமநிலை நகர்ந்துகொண்டே இருக்கும். வெப்பம் அடங்கும்வரை காத்திருந்தால் பல நேரம் தானாகவே சரியாகும். சரியாகவில்லை, ஒவ்வொரு கழுவலுக்கும் பிறகு மோசமாகிறது என்றால், துவாரத்தின் உள்பக்கப் பிளாஸ்டிக் விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு விழுந்திருந்தால் அதன் வழியே தண்ணீர் ஹெட்டுக்குள் போகிறது. அதற்கு மேல் கம்பெனி ஆள்தான். நீங்களாக சிலிகான் பூசி மூடினால் உள்ளே போன தண்ணீரையும் சேர்த்து மூடிவிடுவீர்கள். ஏசி காற்று நேராக ஹெட்டின் மேல் அடிப்பதும் இதே ஆட்டத்தைக் கொடுக்கும்.

பக்கத்து உலோகம். ஒவ்வொரு ஹெட்டுக்கும் முன்னும் பின்னும் உலோகம் இருக்கக்கூடாத ஒரு பகுதி உண்டு. துல்லியமான அளவு அந்தந்த மேனுவலில் இருக்கும். பொதுவான கணக்கு, அசையாத உலோகத்துக்குத் துவார உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு, அசையும் உலோகத்துக்கு இரண்டு மடங்கு. துவாரம் 150 மிமீ உயரம் என்றால் 225 மிமீ, 300 மிமீ. மெஷின் பொருத்திய அன்று இது காலியாகத்தான் இருந்திருக்கும். பிறகு ஒரு தடுப்புத் தகடு, ஒரு பாக்கெட் வழிகாட்டி, ஒரு டிரே என்று ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும். அளவு நாடாவை வைத்து அளந்து பாருங்கள். கண்ணை நம்ப வேண்டாம்.

வெறும் பெல்ட் ஓடினாலே கத்துகிறது

இங்கே முதல் கேள்வி: ஒழுங்கான இடைவெளியில் கத்துகிறதா, கண்டபடி கத்துகிறதா?

ஒழுங்காக என்றால் கையில் செல்போன் டைமரை எடுங்கள். பெல்ட்டின் மொத்தச் சுற்று நீளம் 6 மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 20 மீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 18 நொடி. ரிஜெக்ட் சரியாக 18 நொடிக்கு ஒருமுறை அடித்தால் பெல்ட்டில் ஒரே இடத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது. 76 மிமீ விட்டமுள்ள உருளை அதே வேகத்தில் முக்கால் நொடிக்குள் ஒரு சுற்றுச் சுற்றும். சிக்னல் அந்த வேகத்தில் துடித்தால் உருளையைப் பாருங்கள், பெல்ட்டை அல்ல.

பெல்ட் என்று தெரிந்தால், அடித்த கணமே நிறுத்தி, துவாரத்துக்குள் இருக்கும் பகுதியின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்கு இப்படிச் செய்தால் கோடுகள் ஓர் அடி நீளத்துக்குள் குவியும். அந்த ஓர் அடியை நல்ல வெளிச்சத்தில், மேலும் கீழும், விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வெல்டிங் பொறி ஒன்று பெல்ட்டில் விழுந்து உருகி உள்ளே உட்கார்ந்திருக்கும். மேலே இருந்து பார்த்தால் கடுகளவு கரும்புள்ளி, தடவினால் ஒரு சொரசொரப்பு. ஊசி முனையால் கிளறி எடுத்துவிடலாம். மேலே துளை போட்டவர்கள் விட்டுப்போன இரும்புத் துகளும் இப்படித்தான் ஒட்டும். டிடெக்டர் பக்கத்தில் வெல்டிங், கிரைண்டிங் நடக்கும்போது பெல்ட்டைத் தார்ப்பாயால் மூடச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலையை இரண்டு நிமிடத்தில் மிச்சப்படுத்தும் பழக்கம் இது.

பொறியும் இல்லை, துகளும் இல்லை, கோடுகள் எல்லாம் பெல்ட் ஜாயின்ட்டிலேயே விழுகின்றன என்றால் பெல்ட் வகையிலேயே பிழை. நிலைமின்சாரம் தங்காத பெல்ட்டுகளில் மின்சாரம் கடத்தும் கார்பன் இழைகள் இருக்கும். ஜாயின்ட்டில் அந்த இழைகள் துண்டாகி மேலும் கீழும் அடுக்கி நிற்பதால் அங்கே மட்டும் சிக்னல் எழும். உலோகக் கிளிப் ஜாயின்ட் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெல்ட் வாங்கும்போதே “மெட்டல் டிடெக்டருக்கு” என்று ஆர்டரில் எழுதுங்கள். சாய்வாக வெட்டி உருக்கி ஒட்டிய ஜாயின்ட் கேளுங்கள். விலை குறைவு என்று கடையில் இருந்ததை வாங்கி மாட்டிய பெல்ட்டால் வரும் ரிஜெக்ட்டுகள் அந்த மிச்சத்தைச் சில வாரத்தில் தின்றுவிடும்.

கண்டபடி கத்துவதுதான் கடினமான கேஸ். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் போர்டை மாற்றி, ஹெட்டை மாற்றி, கடைசியில் ஒரு போல்ட்டில் முடிகிற கேஸ் இதுதான்.

கன்வேயர் சட்டம் முழுக்க உலோகம். ஹெட்டின் அலை அந்தச் சட்டத்தின் மேலும் படுகிறது. இடதுபுறச் சட்டம், குறுக்குக் கம்பி, வலதுபுறச் சட்டம், இன்னொரு குறுக்குக் கம்பி, இவை சேர்ந்து ஒரு மூடிய வளையம். அந்த வளையத்தில் சிறு மின்னோட்டம் சுற்றும். எப்போதும் ஒரே அளவில் சுற்றினால் மெஷின் அதைப் பழகிக்கொள்ளும். ஆனால் ஒரு போல்ட் தளர்ந்து, அதிர்வில் ஒரு கணம் தொட்டு ஒரு கணம் விலகினால், வளையம் மூடி மூடித் திறக்கும். ஒவ்வொரு முறையும் சமநிலை உடையும். உலோகம் எதுவும் துவாரத்துக்குள் நுழையாமலேயே ரிஜெக்ட் அடிக்கும்.

எப்படிப் பிடிப்பது? பெல்ட்டை நிறுத்துங்கள். ஒரு மரக் கட்டையோ ரப்பர் சுத்தியலோ எடுத்துக்கொண்டு, ஹெட்டிலிருந்து தொலைவில் தொடங்கி, சட்டத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். இன்னொருவர் சிக்னல் பட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் தட்டும்போது மட்டும் பட்டை துள்ளும். அங்கேதான் பாதி தொட்டும் தொடாமலும் ஒரு உலோகம் இருக்கிறது. குறுக்குக் கம்பி என்றால் முழுவதுமாக வெல்டு வையுங்கள், அல்லது ஒரு முனையில் பிளாஸ்டிக் புஷ் போட்டு முற்றிலும் பிரித்துவிடுங்கள். பாதியில் நிற்பதுதான் பிரச்சினை. உருளைகளின் ஒரு முனையாவது சட்டத்திலிருந்து தனிப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். அந்த பிளாஸ்டிக் புஷ் தேய்ந்து, யாரோ உலோக புஷ் போட்டு ஓட்டியிருந்தால் இந்த வியாதி வரும். பெல்ட் சுரண்டும் தகடு, சேகரிப்பு டிரே, பாதுகாப்புக் கவசத்தின் கீல் ஆகியவற்றையும் விடாமல் தட்டிப் பாருங்கள். சட்டத்தின் மேல் வெறுமனே சாத்தி வைத்த ஸ்பேனர்கூட இதே வேலையைச் செய்யும்.

குளிர் காலத்திலும் ஏசி அறையிலும் கண்டபடி கத்தினால் நிலைமின்சாரத்தையும் நினைவில் வையுங்கள். பெல்ட் உருளையோடு உரசி மின்னேற்றம் சேர்ந்து, எங்கோ ஒரு பொறியாக இறங்கும்போது மெஷின் அதைக் கேட்கிறது. நகரும் பெல்ட்டுக்கு அருகே ஹெட்டிலிருந்து தள்ளி எர்த் செய்த தூரிகை வைத்தால் தணியும்.

பொருள் போனால் மட்டும் கத்துகிறது

“பொய் ரிஜெக்ட்” என்று எழுதி மூடுவதற்கு முன் பாக்கெட்டைத் திறங்கள். மிளகாய், மஞ்சள், மல்லி அரைக்கும் ஆலைகளில் பல்வரைசர் சுத்தியல் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். அந்தத் தேய்மானம் எங்கே போகிறது? தூளுக்குள். வெள்ளை டிரேயில் தூளை மெல்லிதாகப் பரப்பி, வலுவான காந்தம் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மேலே மெதுவாக நகர்த்துங்கள். பையின் அடியில் கறுப்பு முடி முடியாகக் குத்திட்டு நின்றால் மெஷின் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. பையைக் காந்தத்திலிருந்து உருவினால் துகள்கள் உதிரும், வெள்ளைக் காகிதத்தில் சேர்த்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அதோடு டிடெக்டர் வேலை முடிந்தது. பல்வரைசரையும், அதற்குக் கீழே இருக்க வேண்டிய காந்தக் கம்பிகளையும் போய்ப் பாருங்கள். அந்தக் காந்தத்தைக் கடைசியாக யார், எப்போது துடைத்தார்கள் என்று கேளுங்கள்.

உலோகம் எதுவும் கிடைக்கவில்லை என்றால் பொருளே சிக்னல் கொடுக்கிறது. தண்ணீரும் உப்பும் சேர்ந்தால் மின்சாரம் கடத்தும், அதனால் ஊறுகாய், ஈரமான இறால், சூடான ரொட்டி எல்லாம் துவாரத்துக்குள் பெரிய உலோகத் துண்டு போன பாவனை காட்டும். உலர்ந்த தூள், பிஸ்கட் போன்றவற்றில் இது மிகக் குறைவு. மெஷினில் பொருளைப் பழக்கும் வசதி இருக்கும், அது பொருள் சிக்னலின் கோணத்தைக் கற்றுக்கொண்டு ஒதுக்கிவிடும். ஆனால் எந்த நிலையில் கற்றுக்கொண்டதோ அந்த நிலையில்தான் பொருள் எப்போதும் வர வேண்டும்.

இறால் ஆலைகளில் இதுதான் தீராத தலைவலி. உள்வரை நன்றாக உறைந்த கட்டி மிகச் சிறிய சிக்னல்தான் தரும். அதே கட்டி பேக்கிங் மேஜையில் காத்திருந்து மேல்பக்கம் உருகத் தொடங்கினால் சிக்னல் கிடுகிடுவென்று ஏறும். காலையில் சரியாக ஓடி, சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் கத்தினால் மெஷினைத் தொடவே வேண்டாம். இடைவேளையில் வெளியே நின்ற டிரேக்களைத் திரும்ப ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். உருகியதை வைத்துப் புதிதாகப் பழக்கி ஓட்டினால் கத்தல் நிற்கும், ஆனால் சென்சிட்டிவிட்டி இறங்கியிருக்கும். டெஸ்ட் பீஸை ஓட்டினால் அது தெரிந்துவிடும்.

பேக்கிங் பொருளையும் பாருங்கள். பாக்கெட்டுக்குள் போடும் ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலங்கள் பலவற்றில் இருப்பது இரும்புத்தூள். அலுமினிய ஃபாயில் பவுச்சில் அடைத்த பிறகு சாதாரண டிடெக்டரில் ஓட்டுவது நடக்காத காரியம், டிடெக்டரை பேக்கிங்குக்கு முன்னால் நகர்த்த வேண்டும், அல்லது வேறு வகை மெஷின் வேண்டும். மெட்டாலைஸ்டு ஃபிலிமில் உலோகப் பூச்சு மிக மெல்லியது, சிக்னல் சிறியது, பழக்கி ஓட்டலாம், சென்சிட்டிவிட்டி கொஞ்சம் குறையும். இரும்புச் சத்து சேர்த்த மாவில் நுண்ணிய இரும்புத்தூளே கலந்திருந்தால் அதுவும் சிக்னல் தரும். திடீரென்று ஒரு நாள் தொடங்கிய தொல்லை என்றால், அன்று ஃபிலிம் ரோலோ மூலப்பொருளோ சப்ளையர் மாறியதா என்று ஸ்டோரில் விசாரியுங்கள்.

டெஸ்ட் பீஸைப் பிடிக்கவில்லை

கத்தாத டிடெக்டர்தான் உண்மையில் ஆபத்தானது. அமைதியாக ஓடுகிறது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சரக்கை நிறுத்தி வைத்தாயிற்று என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் டெஸ்ட் பீஸ் சரியானதுதானா? எழுத்து அழிந்து, 1.5 எது 2.0 எது என்று தெரியாமல் பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். பிளாஸ்டிக் உடைந்து உள்ளிருந்த குண்டு விழுந்துவிட்ட குச்சியைக்கூட ஓட்டிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. வெளிச்சத்தில் பிடித்துக் குண்டு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, எங்கே வைத்து ஓட்டுகிறீர்கள்? துவாரத்தின் சுவர்களுக்கு அருகில் உணர்வு அதிகம், நட்ட நடுவில்தான் மிகக் குறைவு. பெல்ட் ஓரத்தில் வைத்து ஓட்டிப் “பாஸ்” என்று எழுதிவந்தவர் விடுமுறையில் போய், நடுவில் வைத்து ஓட்டுபவர் வந்ததும் “மெஷின் கெட்டுவிட்டது” என்பார்கள். நடுவில் ஓட்டியவர் செய்ததுதான் சரி. டெஸ்ட் பீஸைப் பொருளோடு சேர்த்தே, முடிந்தவரை நடுவில் வருமாறு ஓட்ட வேண்டும்.

மூன்றில் எஸ்எஸ் மட்டும் தவறுகிறதா? எஸ்எஸ் 304, 316 இரண்டும் காந்தத்துக்கு ஏறக்குறைய அசையாது, மின்சாரத்தையும் சுமாராகத்தான் கடத்தும். அதனால் எப்போதும் முதலில் தவறுவது அதுதான். உலர்ந்த பொருளுக்கு உயர்ந்த அலைவரிசை எஸ்எஸ்ஸை நன்றாகப் பார்க்கும். யாராவது ஈரப் பொருளுக்கான புரொகிராமைப் போட்டு விட்டிருந்தால், ஃபெரஸ் பாஸ் ஆகும், எஸ்எஸ் தவறும். திரையில் எந்தப் பொருளின் பெயர் இருக்கிறது, லைனில் எது ஓடுகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றும் தவறினால் சென்சிட்டிவிட்டியை யார் குறைத்தது என்று பதிவில் தேடுங்கள். பல மெஷின்களில் யார் பாஸ்வேர்டில், எந்த நேரத்தில் மாறியது என்பது பதிவாகியிருக்கும். வேகமும் காரணமாகலாம், அமைத்த வேகத்தைவிட மிக மெதுவாகவோ மிக வேகமாகவோ போகும் உலோகத்தின் சிக்னலை மெஷினின் ஃபில்டர் வெட்டிவிடும்.

குண்டைப் பிடிக்கும் மெஷின் கம்பியை விட்டுவிடலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இது பழுதல்ல, தத்துவத்தின் எல்லை. மெல்லிய இரும்புக் கம்பி பெல்ட் போகும் திசையிலேயே படுத்திருந்தால் எளிதில் மாட்டும், குறுக்கே கிடந்தால் தப்பும். எஸ்எஸ், செம்புக் கம்பிக்கு இது நேர்மாறு, போகும் திசையில் படுத்திருந்தால்தான் தப்பும். சல்லடைக் கம்பி பெரும்பாலும் எஸ்எஸ். ஆகவே டிடெக்டர் இருக்கிறது என்று சல்லடையைப் பார்க்காமல் விடாதீர்கள். ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் முடிவிலும் வலையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் எஸ்எஸ் சுருள் நாரை ஆலைக்குள்ளேயே விடாதீர்கள்.

பிடிக்கிறது, ஆனால் தள்ளவில்லை

விளக்கு எரிகிறது, பஸ்ஸர் அடிக்கிறது, பாக்கெட் மட்டும் நல்ல பாக்கெட்டோடு சேர்ந்து போய்விடுகிறது. அல்லது பக்கத்துப் பாக்கெட்டைத் தள்ளுகிறது. கை வைக்கும் முன் காற்றை அடைத்து, சிலிண்டரில் மிச்சமிருக்கும் அழுத்தத்தையும் வெளியே விடுங்கள். பாக்கெட்டைத் தள்ளும் புஷர், விரலுக்கும் பாக்கெட்டுக்கும் வித்தியாசம் பார்க்காது.

நேரக் கணக்கு எளிது. ஹெட்டிலிருந்து புஷர் 1 மீட்டர் தூரம், வேகம் நிமிடத்துக்கு 20 மீட்டர் என்றால் பாக்கெட் 3 நொடியில் புஷருக்கு எதிரே வரும். பெல்ட் வழுக்கி, உண்மை வேகம் 18 மீட்டராக இறங்கினால், அதே 3 நொடியில் பாக்கெட் 90 சென்டிமீட்டர்தான் வந்திருக்கும். புஷர் வெறும் காற்றைத் தள்ளும். எனவே டைமரை மாற்றும் முன் பெல்ட்டின் இறுக்கத்தைப் பாருங்கள், டிரைவ் உருளையில் மாவோ எண்ணெயோ படிந்திருந்தால் துடையுங்கள். போட்டோ சென்சாரின் கண்ணாடியில் மசாலாத்தூள் படிந்தாலும் இதே தவறு நடக்கும், பஞ்சால் துடைத்தாலே சரியாகும்.

காற்றழுத்தத்தைப் புஷர் அடிக்கும் தருணத்தில் பாருங்கள். சும்மா நிற்கும்போது கேஜ் 6 பார் காட்டும், அடிக்கும்போது 3-க்கு விழும். அப்படி விழுந்தால், கம்ப்ரசரிலிருந்து வரும் குழாய் மெலிது, அல்லது அதே லைனில் வேறு மெஷின்கள் காற்றை உறிஞ்சுகின்றன. புஷருக்கு அருகே ஒரு சிறிய காற்றுத் தொட்டி வைத்தால் தீரும். புஷருக்குக் காற்றைத் திறந்துவிடும் சொலினாய்டு வால்வைக் கையால் அழுத்தி இயக்கும் சின்னப் பொத்தான் இருக்கும், காற்றை மறுபடி திறந்து தள்ளி நின்று அதை அழுத்துங்கள். அழுத்தினால் புஷர் வருகிறது, சிக்னலில் வரவில்லை என்றால் வால்வின் காயிலோ வயரோ போயிருக்கிறது. அழுத்தினாலும் வரவில்லை என்றால் வால்வு, சிலிண்டர், காற்று.

எல்லாம் சரியானதும் இன்னொரு சோதனை செய்யுங்கள். காற்றை வேண்டுமென்றே அடைத்துவிட்டு ஒரு டெஸ்ட் பீஸை ஓட்டுங்கள். பெல்ட் தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் காற்று போன நேரத்தில் உலோகம் தாராளமாகப் போய்விடும் என்று அர்த்தம். இரண்டு டெஸ்ட் பீஸை அடுத்தடுத்த பாக்கெட்டுகளில் வைத்தும் ஓட்டிப் பாருங்கள், முதலாவதைத் தள்ளிவிட்டு இரண்டாவதை மறந்துவிடும் அமைப்புகள் உண்டு.

திரையே வரவில்லை, அல்லது பேலன்ஸ் கோளாறு என்று காட்டுகிறது

திரை வராவிட்டால் எமர்ஜென்சி ஸ்டாப், ஃபியூஸ், பவர் சப்ளை, பிறகு ஈரம் ஏறிய கனெக்டர். இந்த வரிசையில் ஒரு எலக்ட்ரீஷியன் பார்த்தால் போதும்.

பேலன்ஸ் (காயில்களின் சமநிலை) கோளாறு என்றால், துவாரத்திலும் சுற்றிலும் உலோகம் இல்லாமல் பார்த்து, மெஷினைக் கொஞ்ச நேரம் சூடாகவிட்டு, மறுபடி பேலன்ஸ் செய்யும் கட்டளையைக் கொடுங்கள். ஒரு முறை சரியாகி மறுநாள் திரும்ப வந்தால் ஹெட்டுக்குள் ஏதோ நகர்ந்திருக்கிறது. காயில்கள் ரெசினில் புதைந்திருக்கும், மிமீயில் சிறு பங்கு நகர்ந்தாலும் சமநிலை போய்விடும். ஹெட்டைத் திறக்காதீர்கள். திறந்தால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் கருவி ஆலையில் கிடையாது.

கம்பெனி சர்வீஸுக்குப் போன் செய்யும்போது “மெஷின் கத்துது சார்” என்று மட்டும் சொன்னால் ஆள் வந்து முதலிலிருந்து தேடுவார். பெல்ட் நிற்கும்போது சிக்னல் எவ்வளவு, வெறும் பெல்ட்டில் எவ்வளவு, பொருளோடு எவ்வளவு, ரிஜெக்ட் எத்தனை நொடிக்கு ஒருமுறை, கடைசியாக என்ன மாற்றினீர்கள், எந்த டெஸ்ட் பீஸ் தவறியது, இவற்றைச் சொல்லுங்கள். சிக்னல் பட்டையை ஒரு நிமிடம் வீடியோ எடுத்து அனுப்புங்கள். சரியான போர்டைக் கையோடு கொண்டுவருவார். அவர் வேலையை முடித்ததும், கையெழுத்துப் போடும் முன், மூன்று டெஸ்ட் பீஸையும் நடுவில் வைத்து நீங்களே ஓட்டிப் பாருங்கள்.